இன்னைக்கு எப்படி இருக்கா

என் வீட்டுக்காரருக்கு மனசில் முகம் நிற்காது, பல்தான் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்து நலம் விசாரித்தால் யாரோ எவரோ என்று விழிப்பார். அந்த மனிதர் வாயைத் திறந்து சிரித்துவிட்டால் போதும், "அட, மேல் கடைவாய்க்குத் தங்கம் கட்டினவர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். இதனால் நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

பல் செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். பெயர் எழுதாமல் விட்ட பழைய அச்சை நீட்டினாலும் ஒரு முறை திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் தடவி, இன்னாருடையது என்று அடித்துச் சொல்லிவிடுவார். மற்ற விஷயத்தில் எல்லாம் வழவழா கொழகொழாதான். கடைக்கு அனுப்பினால் உருளைக்கிழங்கா வெங்காயமா என்று முடிவு செய்ய முடியாமல் வெறும் பையோடு திரும்பி வருகிற ஆள். பல் என்று வந்துவிட்டால் மட்டும் ஜட்ஜ் தீர்ப்பு மாதிரி ஒரே பேச்சு.

எங்களுக்கு ஒரே மகள். முன்பல் இரண்டும் முளைத்த வாரத்தில் இவர் அவளை எலி என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. வளர்ந்த பிறகு மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. சிரித்தால் அது கீழ் உதட்டில் லேசாக உட்காரும். எனக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. இவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஊர்ப் பல்லையெல்லாம் நேர் பண்றேன். என் வீட்ல கோணலா இருந்தா எவன் மதிப்பான்?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் பல் செட் கடைக்குக் கூட்டிப்போய் அச்சு எடுத்தார். வாய் நிறைய அளவெடுக்கிற களிம்பை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய, சிரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவள் காலை உதைத்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் முடிந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, "கம்பியெல்லாம் வேணாம்பா" என்றாள். "இந்தப் பல்லை நேராக்கிட்டா அப்புறம் என்னை எப்படிக் கண்டுபிடிப்ப? காலேஜ் வாசல்லேருந்து வேற யார் வீட்டுப் பொண்ணையாவது கூட்டிட்டு வந்துடுவ."

அவர் விட்டுவிட்டார். அச்சு மட்டும் கடையிலேயே இருந்தது. எல்லா அச்சுக்கும் அடியில் பென்சிலால் பெயர் எழுதுகிறவர் இதற்கு எழுதவில்லை. நான் கேட்டதற்கு, "என் பொண்ணு பல்லுக்கு நான் எதுக்குப் பேர் எழுதணும்?" என்றார்.

படிப்பை முடித்து அவள் வேலைக்குப் போன வருஷம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே என்று இருந்தோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள், ஒரு வாரம் கூட ஆகவில்லை, போய்விட்டாள். மின்மயானத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது, பின்னால் ஒரு குடும்பம் நின்றது. இரும்புக் கதவு மேலே ஏறியது, இறங்கியது. பொழுது சாய்வதற்குள் ஒரு சட்டியைக் கையில் கொடுத்தார்கள். அது இன்னும் சூடாக இருந்தது.

மறுவாரம் நான் கடைக்குப் போய் அந்த அச்சை எடுத்து, அவளுடைய கர்சீப்பில் சுற்றி, என் துணி அலமாரியில் அடித்தட்டில் வைத்தேன். பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. அவ்வப்போது கையை விட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நானும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சண்டை எல்லாம் இல்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு புத்த பிக்கு வந்தார். மொட்டைத்தலை, காவித் துணி, கையில் இரண்டாக உடைந்த பல் செட். ஒரு பர்னிச்சர் கடை மாடியில் தியான மண்டபம் வைத்திருப்பவர். இவர் அதை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும்போது அவர் பொக்கைவாயோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார். "துறவியாகிற அன்னிக்கு எங்களுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? தலைமுடி, உடம்பு மயிர், நகம், பல், தோல். இந்த அஞ்சையும் பாரு, இது எதுவுமே உன்னுது இல்லைன்னு சொல்லிக்கொடுப்பாங்க. அதுல ஒண்ணைத்தான் நீங்க வித்துக்கிட்டு இருக்கீங்க." வீட்டுக்கு வந்து இவர் இதை என்னிடம் சொன்னார். பல நாளைக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் கடையை மூடிவிட்டு மண்டபத்துக்குப் போக ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை, கேலிதான் செய்தேன். "கண்ணை மூடிக்கிட்டு உட்காரணும்னா வீட்லயே உட்காரலாமே, பஸ் காசு மிச்சம்." எனக்கு இந்த உடம்பு பற்றிய ஞானமெல்லாம் புதிதில்லை. நான் வேலை பார்ப்பது சலவைக் கம்பெனியில். பெரிய பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக எங்களிடம்தான் வரும். வாசனை பூசிக்கொண்டு போகிற மனுஷர்கள் விட்டுச் செல்கிற ரத்தம், வேர்வை, எச்சில், முடி எல்லாவற்றையும் தினமும் பார்த்துத் தரம் பிரிக்கிறவள் நான். எனக்குப் பாடம் நடத்த எந்த பிக்குவும் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டேன். மயானத்தில் ஒரு பிணம் கிடப்பதாக மனசில் பார்க்க வேண்டுமாம். முதலில் அது ஊதும், நீலம் பாரிக்கும், உடைந்து வடியும். பிறகு காக்கையும் நாயும் வரும். பிறகு நரம்பு பிடித்த எலும்புக்கூடு, பிறகு திசைக்கு ஒன்றாகச் சிதறிய எலும்பு, வெளுத்த எலும்பு, கடைசியில் தூள். ஒவ்வொரு கட்டத்திலும், என் உடம்பும் இப்படித்தான் ஆகும், இதிலிருந்து தப்பாது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம்.

"சரி, நீங்க என்ன பார்த்தீங்க?"

"எலியைப் பார்த்தேன்" என்றார்.



"எலியை எரிச்சாச்சு" என்றேன். "ஊதறதுக்கும் நாறுறதுக்கும் ஒண்ணும் மிச்சம் இல்ல. சட்டியில வாங்கிட்டு வந்தோமே, மறந்து போச்சா?"

"அதனாலதான்." அவர் குரல் ஏறவே இல்லை. "ஒரே சாயங்காலத்துல முடிச்சிட்டாங்க. நான் அவளைச் சரியாக்கூடப் பார்க்கல. இப்ப மெதுவாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அங்க யாரும் அவசரப்படுத்தறது இல்ல. கதவு எதுவும் இல்ல. புல்லுமேல படுத்திருக்கா, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

கையிலிருந்த தம்ளரைத் தொட்டிக்குள் விட்டெறிந்தேன். பெற்ற அப்பன் செய்கிற காரியமா இது என்று கத்தினேன். மூன்று நான்கு நாள் அவர் முகத்திலேயே விழிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் என் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்த மனிதர் அவளைப் பார்த்துவிட்டு வருகிறார். நான் பார்க்கவில்லை. ஊரிலிருந்து வந்தவரிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்காமல் எந்தத் தாய் இருப்பாள்? ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் கேட்டுவிட்டேன்.

"இன்னைக்கு எப்படி இருக்கா?"

"முகம் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்றார். "கழுத்துல அந்த மச்சம் இன்னும் தெரியுது."

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அந்தப் பேச்சு மட்டும்தான். மற்றவர்கள் வேலையில் என்ன நடந்தது என்று கேட்பது போல நான் கேட்பேன், அவர் சொல்வார். கால் விரல் கறுத்துவிட்டது. தலைமுடி ஒரு பக்கமாகக் கழன்று புல்லில் கிடக்கிறது, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு சின்னக் கல்லை எடுத்து வைத்தேன். நகம் இன்று விட்டுவிட்டது, அந்தச் சிவப்புப் பாலிஷ் மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் சில நாள் கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு அது நின்றுவிட்டது. மனுஷப் பிறவிக்கு எதுதான் பழகாது?

ஒரு நாள் நானே கேட்டேன். "நாய், காக்கா எல்லாம் வரும்னு சொன்னீங்களே. வந்துச்சா?"

"வந்துச்சு. நான்தான் விரட்டிட்டேன்."

"அப்படிச் செய்யலாமா?"

"பக்கத்துல நான் உட்கார்ந்திருக்கும்போது எப்படி விடறது?" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் பழைய பிரியம் திரும்ப வந்தது. சலவைக் கம்பெனியில் விரிப்புகளை மடித்துக்கொண்டே, சாயங்காலம் என்ன சேதி வருமோ என்று நேரத்தைத் தள்ளினேன். கூட வேலை பார்க்கிறவள், "என்னக்கா, மூஞ்சியில கொஞ்சம் களை வந்திருக்கு" என்றாள். அவளிடம் என்னவென்று சொல்வது? உதடு போய்விட்டது, பல்வரிசை முழுசாகத் தெரிகிறது என்று முந்தின நாள் அவர் சொல்லியிருந்தார்.

அப்புறம் எலும்பு வந்தது. எலும்பு வந்த பிறகு சேதி குறைந்துவிட்டது. "அப்படியேதான் இருக்கா" என்பார். பிறகு ஒரு நாள், "கை தனியா வந்துடுச்சு" என்றார். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், அவர் வாயாலேயே கேட்டிருந்தேன். வெளுக்கும், தூளாகும், அப்புறம் ஒன்றும் இல்லை. நான் கேட்பதற்கும் ஒன்றும் இருக்காது. அந்த மாதிரிப் பேச்சில்லாத வீட்டுக்கு இன்னொரு முறை என்னால் திரும்ப முடியாது.

லீவு போட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனேன். படி ஏறும்போது கீழே பர்னிச்சர் கடையில் வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. பிக்கு தரை பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லணும்."

"எதுல?"

"எலும்புல."

அவருக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணையா வெச்சுப் பார்க்கிறாரு?" என்றார். "உன் உடம்பை நினைச்சுக்கோன்னுதானே சொன்னேன். மனசுக்குப் பிடிச்சவங்களை இதுல கொண்டாரக் கூடாது. அதைத் தனியாச் சொல்லணும்னே எனக்குத் தோணல, தாயி. இங்க வர்ற யாரும் இப்படிப் பண்ணதில்ல."

"அவர் உடம்பு அவருக்கு எங்க ஞாபகம் இருக்கு? கண்ணாடியில பார்த்தா யாருன்னு தெரியாத ஆளு அவரு."

பிக்கு சிரிக்கவில்லை. செட்டை வாயிலிருந்து கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாதபோது அவருக்கு அது பழக்கம் போலிருக்கிறது.

"நடுவுல நிறுத்தினா அதுலயே மாட்டிக்குவாரு. இவ்வளவு தூரம் வந்தவர் முடிச்சுட்டு வரட்டும். கடைசி வரைக்கும் போனா அவருக்கு அமைதி கிடைக்கும்."

"நிறுத்தச் சொல்லல சாமி. மெதுவான்னுதான் சொல்றேன். எலும்பு வெளுக்கவே ரொம்ப நாள் ஆகும் இல்லையா? ஒரு வருஷம் கூட ஆகலாமே. அப்படி ஒரு வருஷம் பார்க்கட்டும்."

"அவர் இருக்கட்டும், இதுல நீங்க எங்க நிக்கறீங்க?" என்று பிக்கு கேட்டார்.

"நான் என்னத்த நிக்கறது? நான் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

அவர் எழுந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். பல் செட் ஒழுங்காக உட்கார்கிறதா என்று நானும் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

யார் சொல்லி யார் கேட்டது? அந்த மாதமே முடிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், மணையில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு எப்படி இருக்கா?"

"இல்ல" என்றார். "தூள்தான் இருந்துச்சு. காத்து அடிச்சுது. அப்புறம் வெறும் தரை."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். மகள் போன பிறகு அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். படுத்ததும் தூங்கிவிட்டார். மறுநாள் எத்தனையோ மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். கடையில் மோட்டார் ஓடும்போது கூடவே வாய்க்குள் ஏதோ முனகிப் பாடினார் என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடைக்காரரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"நாளைக்கு மறுபடியும் முதல்லேருந்து பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புல்லுமேல படுத்திருக்கற மாதிரி, மச்சம் தெரியற மாதிரி. முதல் நாளிலேருந்து."

பாவம், போய் உட்கார்ந்து முயற்சி செய்திருக்கிறார். திரும்பி வந்து, "வரல" என்றார். அதில் வருத்தம் இல்லை. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

என் கதி என்ன என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. எலி சிரிப்பதை நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடுவேன். வாய் லேசாகத் திறக்கும். உடனே உதடு இருக்காது. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட்டதை நினைப்பேன், முடி கையோடு வந்துவிடும், அதன் மேல் ஒரு சின்னக் கல் இருக்கும். கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டியதை நினைத்தால் சிவப்பு நகம் மட்டும் என் உள்ளங்கையில் தங்கிவிடும். எங்கே தொட்டாலும் அவர் சொன்ன சேதிதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் ஒவ்வொரு நாளாக நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வீட்டில் இருந்தபடி காதால் கேட்டவள். என்னைப் பாதி வழியில் விட்டுவிட்டார். நான் எங்கே நிற்கிறேன் என்று பிக்கு கேட்டதற்கு இப்போது பதில் தெரிகிறது, போய்ச் சொல்வதற்குத்தான் மனசில்லை. நானும் ஒரு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கடைசி வரை போய்ப் பார்க்கலாம் என்று முயன்றேன். முழங்கால் மரத்துப்போனதுதான் மிச்சம். உதடு போன இடத்தைத் தாண்டி ஒரு அடி நகர முடியவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் கர்சீப்பில் சுற்றிய அச்சை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதைப் பார்த்தால் அவருக்கு ஏதாவது ஆகும், அழுவார், மறுபடியும் அவளைப் பற்றிப் பேசுவார் என்று ஒரு நப்பாசை. அவர் முன்னால் பலகையில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். நான் அச்சைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "எலியோடது" என்றார்.

"ஆமா."

"நல்ல அச்சு. ஒரு காத்துக் குமிழ்கூட விழல."

அவ்வளவுதான். கை போன போக்கில் அதைப் பின்னால் இருந்த தட்டில் மற்ற அச்சுகளோடு வைத்துவிட்டு, ஈரமாக இருந்த இன்னொரு வேலையை எடுத்துக்கொண்டார். நான் கர்சீப்பை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தேன். பிறகு அலமாரிக்குள் கையை விடும்போதெல்லாம் வெறும் பலகை கையில் பட்டது. அதற்கு மேல் முடியவில்லை. திரும்பவும் கடைக்குப் போனேன். கம்பி போடும் டாக்டர் அந்த வாரம் நிறைய வேலை அனுப்பியிருந்தார் போல, தட்டு நிரம்பி வழிந்தது. எல்லாம் வயசுப் பெண்களின் வாய், எல்லாம் கோணல் பல். பெயர் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். கடைசியில் அடியில் பெயர் இல்லாமல் இரண்டு மிஞ்சின. இரண்டிலும் இடது பக்கம் தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எந்தப் பல் என் பிள்ளையின் கீழ் உதட்டில் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உதடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"என்னங்க, இதுல எலியோடது எது?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் ஒன்றைத் தடவினார், மற்றதைத் தடவினார், மறுபடியும் முதலாவதைத் தடவினார். இவ்வளவு நேரம் அவர் ஒரு பல்லைப் பார்த்து நான் கண்டதே இல்லை.

"இதுவா இருக்கலாம்" என்றார்.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அமைதியாக இருந்தது, பிக்கு சொன்னபடியே. நான் இரண்டையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டையும் சேர்த்துக் கட்டப் பார்த்தேன். கர்சீப் போதவில்லை.